எல்லாரும் செய்தார்கள் என்னும் பொய்



2005-ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று, பாரிஸ் நகரின் ஷான்செலிசே வீதியில் எழுப்பப்பட்டிருந்த வெற்றி மேடையின்மேல் மஞ்சள் சட்டை அணிந்து நின்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஒலிவாங்கியைக் கையில் வாங்கினார். டூர் டி பிரான்ஸ் என்னும் மிதிவண்டிப் பந்தயத்தை அன்று அவர் ஏழாம் முறையாக, இடைவிடாத தொடர்ச்சியாக, வென்றிருந்தார். மூன்று வாரங்கள், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை, ஆல்ப்ஸ், பிரனீஸ் என இரண்டு மலைத்தொடர்கள். அவருக்கு முன் ஒருவரும் அப்பந்தயத்தை ஐந்து முறைக்கு மேல் வென்றதில்லை. இவ்வளவும் செய்தவர், 1996 அக்டோபரில், தமது இருபத்தைந்தாம் வயதில், நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவிவிட்ட புற்றுநோயோடு மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர். அப்படிப்பட்டவர் அம்மேடையில் நின்று, தம்மைச் சந்தேகிக்கிறவர்களுக்காகத் தாம் வருந்துவதாகவும், அவர்களால் பெரிய கனவு காணவோ அற்புதங்களை நம்பவோ முடியாமற்போயிற்றே என்றும் இரங்கிப் பேசினார்.

அற்புதம் என்பது நமக்கு நெருக்கமான சொல். அதைக் கேட்டவுடனே நம் உள்ளம் இளகிவிடுகிறது. அதை ஐயுறுகிறவனைக் கண்டால் கடின இருதயமுள்ளவன் என்று எண்ணத் தோன்றுகிறது. அந்த இளக்கத்தைத்தான் அவர் பயன்படுத்திக்கொண்டார். தம்மை நோக்கி நியாயமான கேள்வி எழுப்பியவர்களை ஒரே வாக்கியத்தில் அவிசுவாசிகளாக்கிவிட்டார்.

பின்பு நடந்ததை உலகம் அறியும். 2012 அக்டோபர் 10 அன்று அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட ஆதாரங்களோடு தன் தீர்மானத்தை வெளியிட்டது. 26 பேர் சத்தியப் பிரமாணத்தின்மேல் சாட்சி கூறியிருந்தனர். அவர்களுள் 11 பேர் அவரோடு ஒரே அணியில் ஓட்டியவர்கள். அதே மாதம் 22 அன்று சர்வதேச மிதிவண்டிச் சம்மேளனம் அத்தீர்மானத்தை ஏற்று, ஏழு பட்டங்களையும் நீக்கியது. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நேர்காணலில், ஏழு வெற்றிகளிலும் மருந்து இருந்தது என்று அவரே ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு பழைய செய்தியை இந்த வாரத் தியானத்திற்கு ஏன் எடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். செய்தி பழையதுதான், ஆனால் அதற்குச் சொல்லப்படும் சமாதானம் பழையதாகவில்லை. அவருடைய பெயர் பேச்சில் வரும்போதெல்லாம் யாராவது ஒருவர், பெரும்பாலும் நல்லெண்ணமுள்ள ஒருவர், இப்படிச் சொல்லிவிடுகிறார்: “அந்தக் காலத்தில் எல்லாரும்தானே செய்தார்கள் ஐயா? எல்லாரும் எடுத்தார்கள், இவர் ஜெயித்தார். மேலும் புற்றுநோயாளிகளுக்கு எவ்வளவு நன்மை செய்திருக்கிறார்!” கேட்பதற்கு இது இரக்கமும் நடுநிலையும் போலத் தோன்றுகிறது. உண்மையில் இது அவருடைய பொய்களுள் கடைசிப் பொய். அவர் விட்ட இடத்திலிருந்து நாம் அதைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதற்கு விரோதமாகவே இன்று எழுதுகிறேன்.

முதலில் இந்த வாதத்துக்குச் சேரவேண்டிய நியாயத்தைச் சேர்த்துவிடுவோம். 1999 முதல் 2005 வரை ஏழு பந்தயங்களில் முதல் மூன்று இடங்கள் என்று எண்ணினால் 21 இடங்கள். அவற்றுள் 20 இடங்களைப் பெற்றவர்கள் ஏதேனும் ஒருவகையில் ஊக்கமருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டவர்கள் என்று அந்த முகமையே எழுதியிருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்குக்கு முன்னரும் அவ்விளையாட்டு பரிசுத்தமாய் இருந்ததில்லை. 1967 ஜூலை 13 அன்று மோன்ட் வான்டூ மலையேற்றத்தில் சுருண்டு விழுந்து மாண்ட ஆங்கிலேய வீரர் டாம் சிம்ப்சனின் உடலில் ஆம்ஃபிடமின் இருந்தது. 1998-இல் ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் ஒருவர் பெல்ஜிய எல்லையருகே மருந்துகள் நிறைந்த காரோடு பிடிபட்டார். அந்த அணி முழுவதும் பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. இவையெல்லாம் உண்மை. ஆனால் மேடையின் 21 இடங்களை எண்ணிவிட்டு எல்லாரையும் எண்ணிவிட்டதாக நினைப்பது என்ன கணக்கு? மேடைக்கு வரவிடப்படாதவர்களை யார் எண்ணினார்கள்?

ஸ்காட் மெர்சியரை எண்ணுங்கள். அமெரிக்க அஞ்சல் துறையின் பெயரைத் தாங்கிய அணியில், ஆம்ஸ்ட்ராங் வந்து சேருவதற்குமுன், 1997-இல் ஓட்டியவர் அவர். அணியின் மருத்துவர் அவர் கையில் ஒரு பை மாத்திரைகளையும், எந்த நாளில் எதை எடுக்கவேண்டும் என்று குறியிட்ட ஓர் அட்டவணையையும் கொடுத்தார். அவர் எடுக்கவில்லை. அந்தப் பருவத்தின் முடிவில் விளையாட்டையே விட்டுவிட்டு வீடு திரும்பினார். எந்தப் பட்டியலிலும் அவர் தோற்றவராகக்கூட இல்லை. போட்டியிடாதவன் எப்படித் தோற்பான்?

கிறிஸ்டோஃப் பாசோனை எண்ணுங்கள். ஃபெஸ்டினா அணி பிடிபட்டு, அதன் வீரர்கள் விசாரணையில் ஒவ்வொன்றாய்ச் சொல்லத் தொடங்கியபோது, தங்களுக்குள் மருந்தைத் தொடாதவர் இவர் என்று அவர்களே சுட்டிக்காட்டிய பிரெஞ்சு இளைஞர் அவர். 1999-ஆம் ஆண்டுப் பந்தயத்தைப் புதுப்பித்தலின் பந்தயம் என்று அழைத்தார்கள். பழைய அழுக்கெல்லாம் போயிற்றாம். அந்தப் பந்தயத்தில் வேறோர் அணிக்காக ஓட்டிக்கொண்டே, லெ பாரிசியன் என்னும் நாளேட்டில் பாசோன் ஒரு பத்தி எழுதிவந்தார். வேகம் குறையவில்லையே, அப்படியானால் என்ன மாறியது என்று கேட்டார். 25 வயது வாலிபன் கேட்ட எளிய கேள்வி அது.

ஆல்ப் டி ஹுவேஸ் மலைக்கு ஓட்டிய நாளன்று மஞ்சள் சட்டைக்காரர் அவர் அருகே வந்தார். நீ பேசுவது இந்த விளையாட்டுக்குக் கேடு, நீ வீட்டுக்குப் போவது நல்லது என்ற பொருளில் பேசினார். நூறுக்கு மேற்பட்ட மனிதர் ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு செல்லும் அந்தக் கூட்டத்தில் அதன்பின் பாசோனோடு பேசுவார் இல்லை. அவருடைய அணியினரே முகம் திருப்பினார்கள். சில நாட்களுக்குள் அவர் பந்தயத்தை விட்டு விலகினார். 2001-இல் அத்தொழிலையே விட்டார். நீச்சல் தெரியாதவன் கரையேறிவிட்டான் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஆற்றிலிருந்து தள்ளப்பட்டவன் அவன்.

எல்லாரும் செய்தார்கள் என்று நாம் சொல்லும்போது இந்த மனிதர்களை இரண்டாம் முறை வெளியேற்றுகிறோம். முதல் முறை பந்தயத்திலிருந்து. இரண்டாம் முறை நினைவிலிருந்து.

அதோடு, எல்லாரும் எடுத்ததால் களம் சமமாயிற்று என்பதும் மெய்யன்று. இதைச் சற்று விளக்கவேண்டும். ஈ.பி.ஓ. என்பது நம் சிறுநீரகங்கள் இயல்பாகவே சுரக்கும் ஒரு பொருள். இரத்தத்தில் சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மச்சைக்குக் கட்டளையிடுவது அது. 1980-களின் இறுதியில் அதன் செயற்கை வடிவம் மருந்தாக வந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பிற்பாடு கீமோதெரபியால் இரத்தம் குன்றியவர்களுக்கும் அது பெரும் உபகாரமாயிற்று. நோயாளிக்கென்று கண்ட அந்த மருந்தை, நோயில்லாதவர்கள் ஆக்சிஜனைக் கூடுதலாய்ச் சுமக்கும் இரத்தத்துக்காக ஏற்றிக்கொண்டார்கள். இரத்தம் தடித்தது. உறக்கத்தில் இதயம் நின்றுவிடுமோ என்று இரவில் எழுந்து நடமாடிய வீரர்களும் உண்டு. ஈ.பி.ஓ.வைக் கண்டறியும் சோதனை அப்பொழுது இல்லாமையால், 1997-இல் சம்மேளனம் ஓர் எல்லை வைத்தது: இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் ஓட்டக்கூடாது.

இப்பொழுது கணக்கிடுங்கள். பிறவியிலேயே 48 விழுக்காடு உள்ளவனுக்கு மருந்தால் கிடைப்பது இரண்டு. 40 உள்ளவனுக்குக் கிடைப்பது பத்து. ஒரே மருந்து, ஒரே விதி, ஆனால் பலன் ஒன்றல்ல. இயற்கை கொடுத்த வரிசையையே அது புரட்டிப்போட்டது. பணத்தின் கணக்கு இன்னும் கொடிது. இத்தாலிய மருத்துவர் மிக்கேலே ஃபெராரிக்கு ஆம்ஸ்ட்ராங் கொடுத்தது பத்து லட்சம் டாலருக்கும் மேல் என்று முகமை ஆதாரங்களோடு காட்டியது. அணியில் பின்வரிசையில் ஓட்டிக்கொண்டிருந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்த மருத்துவர் எட்டுவாரா? இதற்குப் பெயர் சமதளமாம்.

மருந்தைப் பற்றி இதுபோதும். சொல்லப்போனால், மருந்தை நான் இங்கே பெரிய குற்றமாக வைக்கவில்லை. இதைக் கேட்டுச் சிலர் வியப்படையலாம். ஒரு மனிதன் தன் நரம்பில் ஏற்றிக்கொண்டது அவனைக் கெடுக்கும். அவனோடு ஓடுகிறவனை வஞ்சிக்கும். ஆயினும் அந்த ஏழாண்டுப் பொய்யைக் காப்பதற்காக மற்ற மனிதர்மேல் அவர் ஏவிவிட்டதுதான் என்னை உறங்கவிடாத பகுதி. ஒன்பதாம் கட்டளையை நாம் சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் பொய் சொல்லக்கூடாது என்று சுருக்கிப் படித்துவிடுகிறோம். அது வெறும் பொய்யைப் பற்றியதன்று. அயலான் ஒருவனுடைய பெயரையும் வாழ்வையும் அழிக்கும்படி, சாட்சிக் கூண்டில் நின்று சொல்லும் பொய்யைப் பற்றியது. அந்த அயலான் யார் என்று பெயர் சொல்லிக் காட்டாமல் இந்தக் கதையைச் சொல்லி முடிப்பது தகாது.

எம்மா ஓரெய்லி அயர்லாந்து தேசத்துப் பெண். அந்த அணியில் வீரர்களின் கால்களைப் பிடித்துவிட்டு, உணவுப் பைகளை நிரப்பி, உடைகளைத் துவைத்து ஒழுங்குசெய்யும் உதவியாளர். 1999-ஆம் ஆண்டுப் பந்தயத்துக்குமுன் அவருடைய கையில் இருந்த ஊசித் தழும்பை மறைக்க முகப்பூச்சு கொண்டுவந்தவர். மாத்திரைகளை வாங்கிவரும்படி ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டவர். அதே பந்தயத்தின்போது சோதனையில் கார்டிசோன் வகை மருந்தின் சாயல் தெரிந்தபோது, இருக்கைப் புண்ணுக்குப் பூசிய களிம்பினால் வந்தது என்று முன்தேதியிட்ட மருந்துச் சீட்டு ஒன்றை ஆயத்தம் செய்ததைக் காதால் கேட்டவர். இவற்றையெல்லாம் அவர் டேவிட் வால்ஷ் என்னும் பத்திரிகையாளரிடம் சொன்னார். 2004-இல் பிரான்சில் அது புத்தகமாக வந்தது. எல்லாம் உண்மை. உண்மை என்று அதிகம் அறிந்திருந்தவர் ஆம்ஸ்ட்ராங்தான்.

அவர் செய்ததென்ன? அந்தப் பெண்ணைக் குடிகாரி என்றும், வேசி என்றும் பொருள்படப் பேசினார். வழக்குகளைத் தொடுத்தார். புத்தகத்தின் செய்தியை எடுத்தாண்ட லண்டன் சண்டே டைம்ஸ் 2006-இல் மூன்று லட்சம் பவுண்டு கொடுத்துத் தன்னை விடுவித்துக்கொண்டது. உண்மையை அச்சிட்ட பத்திரிகை, பொய்யனுக்கு அபராதம் கட்டியது! பிற்காலத்தில் ஓப்ரா அவரிடம் எம்மாவின் பேரில் வழக்குத் தொடுத்தீர்களா என்று கேட்டபோது, அத்தனை பேர்மேல் வழக்குப் போட்டோம், இவர்மேலும் போட்டோமா என்று நினைவில்லை என்னும் விதமாக விடை சொன்னார். அதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். மிதித்தவனுக்கு எண்ணிக்கை நினைவிருப்பதில்லை. மிதிபட்டவளுக்கு அந்த நாட்கள் ஒவ்வொன்றும் நினைவிருந்தன.

பெட்சி ஆண்ட்ரூ மற்றொருவர். அவருடைய கணவர் ஃபிராங்கி, ஆம்ஸ்ட்ராங்கின் அணித் தோழர். 1996 அக்டோபரில் இண்டியானாவின் மருத்துவமனை அறையில், மருத்துவர்கள் கேட்க, தாம் ஊக்கமருந்துகள் எடுத்ததுண்டு என்று ஆம்ஸ்ட்ராங் பெயர் பெயராகச் சொன்னதை இருவரும் கேட்டார்கள். பின்பு எஸ்.சி.ஏ. என்னும் நிறுவனம் வெற்றிக்கான ஊக்கத்தொகையைக் கொடுக்க மறுத்து வழக்கானபோது, பெட்சி சத்தியப் பிரமாணத்தின்மேல் அதைச் சொன்னார். ஆம்ஸ்ட்ராங்கும் சத்தியப் பிரமாணத்தின்மேல் மறுத்தார். உலகம் யாரை நம்பியிருக்கும்? புற்றுநோயை வென்ற வீரரையா, பொறாமைக்காரி என்றும் மனம் பேதலித்தவள் என்றும் அவர் வர்ணித்த இல்லத்தரசியையா? அந்த நிறுவனம் 2006-இல் 75 லட்சம் டாலர் கொடுத்தது. 2015-இல் நடுவர் மன்றம் அவரை ஒரு கோடி டாலர் திருப்பிச் செலுத்தும்படி தீர்ப்பளித்ததெல்லாம் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்.

நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை நீங்கள் அறிவீர்கள். யேசபேல் அதைப் பறிக்க வாள் எடுக்கவில்லை. நிருபம் எழுதினாள், முத்திரையிட்டாள், உபவாசம் கூறுவித்தாள், இரண்டு சாட்சிகளை எதிரே உட்காரவைத்தாள். எல்லாம் சட்டப்படி, பக்தியோடு நடந்தது. வழக்கறிஞர் கடிதமும், மானநஷ்ட வழக்கும், சத்தியப் பிரமாணமும், புற்றுநோயாளிகளுக்கான தர்மமும் ஒன்றுசேர்ந்து எம்மாவையும் பெட்சியையும் சூழ்ந்தபோது நடந்தது அதற்கு வெகுதூரமன்று.

தர்மத்தைக் குறிப்பிட்டேன். அதையும் விடக்கூடாது. 1997-இல் அவர் தொடங்கிய அறநிறுவனம், 2004-இல் ஒரு டாலர் விலையில் மஞ்சள் நிற ரப்பர் வளையத்தை விற்கத் தொடங்கியது. எட்டுக் கோடிக்கும் மேல் விற்றன என்கிறார்கள். கீமோதெரபி அறையில் அந்த வளையத்தை அணிந்து படுத்திருந்தவர்கள் பெற்ற தைரியம் பொய்யன்று. அப்பணத்தால் நோயாளிகள் பெற்ற உதவியும் பொய்யன்று. அதை நான் இழிவாய்ப் பேசமாட்டேன். ஆனால் அந்த நன்மை குற்றத்தைக் குறைக்கிறது என்கிறவர்களோடு நான் ஒருபோதும் உடன்படமுடியாது. அது குற்றத்தைக் கூட்டுகிறது. வியாதிக்காரரை வரிசையாய் நிறுத்தி, அவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டார் அவர். அவரைக் கேள்வி கேட்பவன் புற்றுநோயாளிகளுக்குப் பகைவனாகத் தோன்றும்படி செய்தார். டூர் பந்தயத்தை மும்முறை வென்ற கிரெக் லெமாண்ட் 2001-இல், ஆம்ஸ்ட்ராங் ஃபெராரியோடு பழகுவது தமக்கு ஏமாற்றமளிக்கிறது என்று சொன்னபோது, சில வாரங்களில் மன்னிப்புக் கேட்கும் அறிக்கையில் கையெழுத்திடவேண்டிய நிலை வந்தது. அவர் பெயரில் மிதிவண்டி செய்து விற்ற நிறுவனத்தோடான உறவும் 2008-இல் அறுந்தது.

எல்லாரும் செய்தார்கள் என்ற பேச்சு யாருக்கு அதிக உபயோகமாயிற்று என்பதையும் கவனிக்கவேண்டும். அது கண்காணிக்கவேண்டியவர்களுக்கு உபயோகமாயிற்று. 1999-இல் அந்த முன்தேதியிட்ட மருந்துச் சீட்டை ஏற்றுக்கொண்டது சர்வதேச சம்மேளனம். பிற்காலத்தில் அதே சம்மேளனம், தான் சோதிக்கவேண்டிய அதே வீரரிடமிருந்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை பெற்றது. ஊக்கமருந்தை எதிர்க்கும் பணிக்காம்! அவருக்குச் சலுகை காட்டப்பட்டது என்று 2015-இல் ஒரு விசாரணைக் குழு எழுதியது. வீரர் கூட்டத்தின் மௌனத்துக்கு ஒமெர்த்தா என்று பெயரிட்டார்கள். தென் இத்தாலியக் குற்றக் கும்பல்களிடமிருந்து இரவல் வாங்கிய சொல் அது.

அந்த மௌனத்தை எப்படிக் காத்தார்கள் என்பதற்கு 2004 ஜூலை 23 போதும். இத்தாலிய வீரர் ஃபிலிப்போ சிமியோனி, ஃபெராரியின் வழிகாட்டுதலில் தாம் மருந்து எடுத்ததை நீதிமன்றத்தில் சொன்னவர். அதற்காகத் தண்டனையும் அனுபவித்தவர். ஆம்ஸ்ட்ராங் அவரைப் பொய்யர் என்று பத்திரிகையில் கூற, அவர் மானநஷ்ட வழக்குத் தொடுத்திருந்தார். அன்றைய ஓட்டத்தில், பட்டத்துக்குச் சிறிதும் ஆபத்தில்லாத ஒரு சிறு கூட்டத்தோடு சேர சிமியோனி முந்திச் சென்றார். மஞ்சள் சட்டையை உடுத்திய தலைவர் தாமே விரட்டிச் சென்றார். இவர் இங்கே இருக்கும்வரை நானும் போகமாட்டேன் என்றார். தலைவர் இருந்தால் பின்னாலிருக்கும் கூட்டம் அவர்களை விடாது. மற்றவர்களின் வாய்ப்பும் கெடும். ஆகவே சிமியோனி தாமே வேகத்தைக் குறைத்துப் பின்தங்கினார். திரும்பி வருகையில் ஆம்ஸ்ட்ராங் கேமராவை நோக்கி, வாயின் மேல் விரலை இழுத்து, ஜிப் போட்டு மூடுவதுபோல் சைகை காட்டினார். உலகம் முழுவதும் பார்த்தது. சிரித்தவர்களும் உண்டு.

இனி அந்த அறிக்கையிடுதலைப் பார்ப்போம். 2013 ஜனவரியில் அவர் ஆம் என்று சொன்னது உண்மை. ஆனால் சொன்னவற்றுள் ஒன்றைக் கவனியுங்கள். வஞ்சித்தல் என்னும் சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்த்தாராம். எதிராளிக்கு இல்லாத ஓர் அனுகூலத்தை அடைதல் என்று இருந்ததாம். அப்படித் தாம் செய்ததாகத் தமக்குத் தோன்றவில்லை என்றார். களம் சமமாய் இருந்ததாக எண்ணினாராம். மனந்திரும்புகிறவன் அகராதியைத் திறப்பதை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. மருத்துவமனை அறையைக் குறித்துக் கேட்டபோது விடை சொல்ல மறுத்தார். பெட்சி சொன்னது மெய் என்று ஒரு வார்த்தை அன்றைக்கும் அவர் வாயில் வரவில்லை. இரண்டாண்டு கழித்து பி.பி.சி.க்கு அளித்த நேர்காணலில், இன்றாயின் செய்யமாட்டேன், ஆனால் 1995-இன் சூழ்நிலைக்குத் திரும்பிப் போனால் அநேகமாய் அதையே மறுபடியும் செய்வேன் என்னும் கருத்தில் பேசினார். காரணம் என்ன? அப்பொழுது எல்லாரும் செய்தார்கள். பார்த்தீர்களா, நம் நல்லெண்ணக்காரரின் வாதம் யாரிடமிருந்து வந்தது என்று!

சகேயுவின் வீட்டில் நடந்ததை இதன் அருகே வைத்துப் பாருங்கள். எரிகோவின் ஆயக்காரரெல்லாரும் அப்படித்தானே என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்திருக்கும். யாரிடத்தில் எடுத்தானோ அவர்களுக்கு நான்கு மடங்கு என்று கணக்குச் சொன்னான். அறிக்கைக்கு முகவரி இருந்தது.

ஃபிளாய்ட் லாண்டிஸை இங்கே நினைக்கிறேன். அவர் உத்தமர் என்பதற்காக அன்று. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில், தொலைக்காட்சி இல்லாத மெனோனைட் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர். 2006-இல் டூர் பந்தயத்தை வென்றார், டெஸ்டோஸ்டிரோன் சோதனையில் சிக்கினார், பட்டம் போயிற்று. தாம் குற்றமற்றவர் என்று புத்தகம் எழுதினார். வழக்குச் செலவுக்கென்று எளிய ஜனங்களிடம் நன்கொடை வாங்கினார். பெரும் பொய். 2010-இல் அது உடைந்தது. தம்மைப் பற்றியும் ஆம்ஸ்ட்ராங்கைப் பற்றியும் எழுதி அதிகாரிகளுக்கு அனுப்பினார். 2012-இல் அரசு வழக்கறிஞர்களோடு செய்த உடன்பாட்டில், நன்கொடையாகப் பெற்ற ஏறத்தாழ 4,78,000 டாலரைக் கொடுத்தவர்களுக்கே திருப்பித் தர ஒப்புக்கொண்டார். அஞ்சல் துறையின் பணத்துக்காக அரசு ஆம்ஸ்ட்ராங்மேல் நடத்திய வழக்கு 2018-இல் 50 லட்சம் டாலருக்கு முடிந்தபோது, அதைத் தொடங்கிவைத்தவர் என்ற முறையில் லாண்டிஸுக்கு 11 லட்சம் கிடைத்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. அவருடைய நோக்கங்கள் கலந்தவை. இருந்தும் ஏமாந்தவர்களின் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. அந்தப் பட்டியலில் பெயர்களும் தொகைகளும் இருந்தன.

ஆம்ஸ்ட்ராங்குக்கும் சேரவேண்டியதைச் சேர்ப்போம். 2013-இன் பிற்பகுதியில் அவர் ரோம் நகருக்குச் சென்று சிமியோனியைச் சந்தித்தார். பாசோனைச் சந்தித்தார். எம்மாவையும் நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டார். எம்மா மன்னித்தார், மறு ஆண்டு தாம் வெளியிட்ட நூலுக்கு அவரையே முன்னுரை எழுதவும் இடங்கொடுத்தார். அது அந்தப் பெண்ணின் பெருந்தன்மை. அதை எடுத்துக்கொண்டுபோய், பார்த்தீர்களா, பெரிதாக ஒன்றுமில்லை என்று அவருடைய கணக்கில் வரவு வைக்க நமக்கு உரிமையில்லை. மன்னிக்கிறவர் மன்னிப்பது கடன் சிறியதென்பதனால் அன்று.

ஏழு ஆண்டுகளின் பட்டத்தையும் இரண்டாம் இடத்தவருக்குக் கொடுக்கப்போவதில்லை என்று முடிவாயிற்று. 1999 முதல் 2005 வரை, வென்றவர் பெயர் இருக்கவேண்டிய இடம் அதிகாரப்பூர்வப் பட்டியலில் வெறுமையாய் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பதிவேட்டில் கிறிஸ்டோஃப் பாசோன் என்ற பெயரைத் தேடினால், அதற்கு நேரே, பந்தயத்தை முடிக்காமல் விலகியவர் என்றுதான் இன்றும் எழுதியிருக்கிறது.